தமிழ் மட்டும் தெரிந்த நடிகன்

அன்புள்ள ஐயா,

எட்டு வருடமாகச் சென்னையில் நவீன நாடகத்தில் நடிக்கிறேன். இரண்டு நாடகங்கள் இயக்கியிருக்கிறேன். சோற்றுக்கு ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. வெளிநாடு போய் நாடகத்தையே தொழிலாகச் செய்ய ஆசை. ஆனால் தமிழைத் தவிர வேறு மொழியில் ஒரு வசனம்கூட என் வாயில் ஒட்டாது. மொழி போனால் நடிகனிடம் என்ன மிச்சம்? போகலாம் என்றால் ஒரு சிபாரிசுக் கடிதம் தருவீர்களா?

ஒரு வாசகர், கொளத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

கூரியர் வேலையைக் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உலகறிந்த நாடக இயக்குநர் யூஜெனியோ பார்பாவும் வெல்டர் வேலை பார்த்தவர், கப்பலில் வேலைக்குப் போனவர். தென் இத்தாலியில் வளர்ந்து 1954-ல் நார்வேக்குப் பிழைக்கப் போனார். 1961-ல் இயக்கம் படிக்கப் போலந்து போனவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கிருந்த இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியிடம் மூன்று வருடம் கிடந்தார். நடுவே 1963-ல் கேரளக் கலாமண்டலம் வந்து கதகளிப் பயிற்சியையும் பார்த்துவிட்டுப் போனார்.

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ திரும்பினால், வெளியூர்க்காரனுக்கு இயக்குநர் வேலை தர ஆளில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அரசு நாடகப் பள்ளி தேர்வில் கழித்துக்கட்டிய பிள்ளைகளைத் தேடிப்பிடித்து 1964-ல் ஓடின் நாடகக் குழுவைத் தொடங்கினார். 1966-ல் டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோ என்ற சிற்றூர் ஒரு பழைய பண்ணையைக் கொடுத்துக் கூப்பிட்டது. குழு பேசியது நார்வே மொழி, பார்க்க வந்தவர்கள் டேனிஷ்காரர்கள். பிறகு குழுவிலேயே பல நாட்டவர் சேர்ந்தார்கள். வசனத்தின் அர்த்தத்தில் சாய்ந்துகொள்ள வழியில்லை. குரலும் முதுகெலும்பும் பாதமும்தான் கதை சொல்ல வேண்டியிருந்தது. வருடக்கணக்கில் அதையே பயிற்சி செய்தார்கள். பார்பாவின் பெயர் நிலைத்தது அதனால்தான்.

நம்மூர்க் கதையும் உண்டு. 2016-ல் பாரிஸில் பிரெஞ்சு இயக்குநர் அரியான் மினூஷ்கின் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தை மேடையேற்றினார். அதில் தெருக்கூத்துக் காட்சிகள். அவர் குழு நடிகர்கள் தமிழிலேயே பாடி ஆடினார்கள். சொல்லிக்கொடுத்தவர் செய்யாறு பக்கத்துப் புரிசையைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தன். அவர்களை நம் மொழிக்கு இழுத்து வந்தது அவர் கையில் இருந்த அடவும் பாட்டும்.

உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது? சென்னையில் நாமெல்லாம் பத்து நாள் கூத்துப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஆயுசுக்கும் அதைத் தன்குறிப்பில் எழுதிக்கொள்கிறவர்கள். நானும் எழுதியிருக்கிறேன். கூத்தில் சுழன்றாடுகிற ஒரு கிரிகி கூட எனக்கு ஒழுங்காக வராது.

சிபாரிசுக் கடிதம் இருக்கட்டும். உங்கள் கூரியர் கிடங்கில் பீகார், ஒடிசாப் பையன்கள் இருப்பார்கள், இல்லையா? நீங்கள் இயக்கியதிலிருந்து ஒரு பத்து நிமிடக் காட்சியைச் சாப்பாட்டு இடைவேளையில் அவர்களுக்கு நடித்துக் காட்டுங்கள். முன்கதை சொல்லாதீர்கள். எந்த நிமிடத்தில் முதல் ஆள் மொபைலை எடுத்தான் என்று எனக்கு எழுதுங்கள்.