டிராவல் கியர் பாக்ஸ முழுசா மாத்தணுமா? டெல்டா வண்டிக்காரங்க கேள்வி-பதில்

கேள்வி (மன்னார்குடி): சார், சொந்தமா ஒரு 20 டன் ஹிட்டாச்சி (மண் தோண்டுற செயின் வண்டி) வச்சிருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, நானேதான் ஓட்டுறேன். வாய்க்கால் தூர் வாரும்போது திடீர்னு இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது, இப்ப கரை ஏறும்போது இடது செயின் நின்னே போயிடுது. சத்தம் எதுவும் இல்ல. மெக்கானிக் பாத்துட்டு ஃபைனல் டிரைவ் போச்சு, முழு செட்டா மாத்திடலாம், மூணு லட்சம் ஆகும்ங்குறாரு. மேட்டூர் தண்ணி வர்றதுக்குள்ள வேலைய முடிக்கணும். மாத்திடவா?

பதில்: மேட்டூர் வழக்கமா தொறக்குற ஜூன் 12 கழுத்துல கத்தி மாதிரி நிக்குறது புரியுது, ஆனா மூணு லட்சத்த எண்ணி வைக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் செலவு பண்ணி குத்தம் எங்கன்னு பாத்துடுங்க. நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது "சத்தம் எதுவும் இல்ல"ங்குறதுதான்.

ஃபைனல் டிரைவ்னு சொல்றது ரெண்டு சாமான் சேந்தது, உள் பக்கம் எண்ணெய் பிரஷர்ல சுத்துற ஹைட்ராலிக் மோட்டார் (டிராவல் மோட்டார்), வெளிப் பக்கம் டிராவல் கியர் பாக்ஸ். மோட்டார் வேகமா சுத்தும், ஆனா அந்த வேகம் நமக்கு வேணாம், இழுவைதான் வேணும், அதுக்குத்தான் பிளானட்டரி கியர். நடுவுல சன் கியர், அத சுத்தி மூணு பிளானட் கியர், வெளிய உள்பல்லு வெட்டுன ரிங் கியர். சன் கியர்ல 15 பல்லு, ரிங்குல 75 பல்லுன்னு வச்சுக்கங்க, ரிங்க புடிச்சு நிறுத்திட்டு பிளானட் கியருங்கள தாங்குற கேரியர சுத்த விட்டா 75-ஐ 15-ஆல வகுத்து ஒண்ணு கூட்டணும், ஆறு மடங்கு வேகம் குறையும், இழுவையும் உராய்வுல போறது போக கிட்டத்தட்ட அதே அளவு கூடும். இது மாதிரி ரெண்டு ஸ்டேஜ் அடுத்தடுத்து போட்டா ஆறாறு 36 மடங்கு. லோடு ஒரே பல்லுல விழாம மூணு பிளானட்டும் பங்கு போட்டுக்கும், அதனாலதான் செயினோட அகலத்துக்குள்ள அடங்குற அவ்ளோ சின்ன டப்பா 20 டன் வண்டிய கரை மேல ஏத்துது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கியர் பல்லு வழுக்காது சார். ஒண்ணு நல்லா சுத்தும், இல்ல பல்லு ஒடைஞ்சு கட கடன்னு கத்தும், இல்ல ஷாஃப்ட் ஒடைஞ்சு மோட்டார் சுத்தியும் செயின் அப்படியே நிக்கும். சத்தமே இல்லாம மேட்டுல மட்டும் பலம் கொறையுதுன்னா பெரும்பாலும் எண்ணெய் பிரஷர் எங்கயோ ஒழுகிப் போகுதுன்னு அர்த்தம். அது மோட்டாரா இருக்கலாம், மேல் பாடியில இருந்து கீழ எண்ணெய கடத்துற சென்டர் ஜாயின்ட்டா இருக்கலாம், கன்ட்ரோல் வால்வு, பம்புனு எதுவா வேணா இருக்கலாம், பார்க்கிங் பிரேக் முழுசா விடாம புடிச்சிக்கிட்டு இருந்தாலும் இப்படித்தான் ஆகும். இதுல சென்டர் ஜாயின்ட் சீல் கிட்டோ வால்வு ரிப்பேரோ எல்லாம் முழு செட்டு வெலையில சின்னப் பங்குதான்.

மொதல்ல காசில்லாத வேலை. செயின கழுவுங்க, நம்ம பக்கத்து களி மண்ணு ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள, அதாவது செயின சுத்துற பல்சக்கரத்துக்குள்ள, காஞ்சு செங்கல் மாதிரி இறுகிக் கெடந்தாலே ஒரு பக்கம் மெதுவா போகும். செயின் டைட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. அப்பறம் பக்கெட்ட பக்கவாட்டுல ஊணி ஒரு பக்கத்த தரையில இருந்து தூக்கி, ஸ்ப்ராக்கெட் மூணு சுத்து சுத்த எத்தன செகண்டுன்னு மொபைல்ல பாருங்க, அதே மாதிரி மறு பக்கமும், முன்னாடி பின்னாடி ரெண்டு தெசையிலயும், ஆமை முயல்னு மெது, வேகம் ரெண்டு ஸ்பீடுலயும். எல்லாத்துலயும் இடது மட்டும் பின்தங்குதுன்னா அடுத்தது ஹோஸ் மாத்துற டெஸ்ட்டு. சென்டர் ஜாயின்ட்டுக்கு கீழ இடது மோட்டாருக்கு போற ஹோஸையும் வலது மோட்டாருக்கு போறதையும் மாத்திப் போட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. நோவு வலது பக்கம் போயிட்டா இடது ஃபைனல் டிரைவ் மேல குத்தமே இல்ல, கோளாறு சென்டர் ஜாயின்ட்லயோ அதுக்கு மேலயோ இருக்கு. இடதுலயே நின்னா அப்ப மோட்டார்தான், இல்ல அதுக்கப்பறம் இருக்குறதுதான். மாத்திப் போட்டதும் லீவரும் மாறி வேலை செய்யும், பக்கத்துல ஆள நிக்க விடாதீங்க. இந்த டெஸ்ட்ட பண்ண மாட்டேன்னு சொல்ற மெக்கானிக்குக்கு, அவரு எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி, நான் மூணு லட்சத்துக்கு வேலை குடுக்க மாட்டேன்.

இடதுலயே நின்னுதுன்னு வைங்க, அப்பவும் முழு செட்டு கட்டாயம் இல்ல. மோட்டாருக்குள்ள கசியுற எண்ணெய வெளிய கொண்டு போற கேஸ் டிரெயின் லைன கழட்டி ஒரு நிமிஷத்துக்கு எவ்ளோ எண்ணெய் கசியுதுன்னு ரெண்டு பக்கமும் புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, இடதுல பல மடங்கு வந்தா மோட்டார் தேஞ்சு போச்சு. கியர் நெலவரத்துக்கு கியர் பாக்ஸ் டிரெயின் பிளக்கப் பாருங்க. மை மாதிரி மெல்லிசா இரும்புப் பொடி இருந்தா சகஜம், செதில் செதிலாவோ பேரிங் துண்டாவோ வந்தா கவர தொறந்துதான் ஆகணும். கியர் நல்லாயிருந்து மோட்டார் மட்டும் போயிருந்தா மோட்டார் தனியா கெடைக்குதான்னு கேளுங்க, நெறைய மாடலுக்கு கெடைக்கும்.

கேள்வி (ஒரத்தநாடு): ஃபைனல் டிரைவ் மாத்தியே ஆகணும்னு ஆயிடுச்சு. கம்பெனி சாமான் வெல தாங்கல. ஸ்கிராப் வண்டியில கழட்டுனது, வெளிநாட்டு காப்பி ரெண்டும் கெடைக்குது. எத வாங்குறது?

பதில்: எத வாங்குனாலும் வண்டிப் பேர சொல்லி வாங்காதீங்க, நெறைய பேரு மாட்டிக்குறது இங்கதான். ஒரே மாடல் வண்டியிலயே வருஷத்துக்கு தக்க வேற வேற கம்பெனி டிராவல் மோட்டார் வந்திருக்கும், நாப்டெஸ்கோ, கேஒய்பி, நாச்சினு இதுக்குன்னே தனிக் கம்பெனிங்க இருக்கு, வண்டி செய்யுறவங்க பல பேரு அவங்ககிட்ட வாங்கித்தான் மாட்டுறாங்க. மோட்டார் மேல ஒரு சின்ன தகடு அடிச்சிருக்கும், சேறு அப்பிக் கெடக்கும், சொரண்டி போட்டோ எடுங்க. அந்த நம்பரும் வண்டி சீரியல் நம்பரும்தான் உங்க ஜாதகம்.

தகடு போயிருந்தா ஸ்ப்ராக்கெட் போல்ட் எத்தன, போல்ட் ஓட்டைங்க நிக்குற வட்டத்தோட விட்டம் (பிசிடி) எவ்ளோ, ஃபிரேம் பக்கம் போல்ட் எத்தன, ஹோஸ் போர்ட்டு எங்க வருது, எல்லாத்தையும் அளந்துக்கங்க. இதெல்லாம் பொருந்துனா கடைக்காரர் "உக்காந்துடும்"பாரு. உக்காரும், ஆனா ரேஷியோ, அதாவது எத்தன மடங்கு வேகத்த குறைக்குதுன்னு கேளுங்க, மோட்டார் ஒரு சுத்துக்கு எத்தன சிசி எண்ணெய் எடுக்குதுன்னு கேளுங்க. ஒரு பக்கம் 35 ரேஷியோ, மறு பக்கம் 40 ரேஷியோனு மாட்டுனா ரெண்டு லீவரையும் ஒண்ணா தள்ளுனாலும் வண்டி நேரா போகாது, அத யாரு வந்தும் அட்ஜஸ்ட் பண்ணித் தர முடியாது.

என்னக் கேட்டா, நம்பர் ஒத்துப்போற பழசு, கவர தொறந்து காட்டுனா, பேர் தெரியாத புது காப்பிய விட மேல். பழசுல பல்லு மேல குழி விழுந்திருக்கான்னு கண்ணால பாக்கலாம், காப்பியில இரும்ப எப்படி கார்புரைஸ் பண்ணான் (மேல்பரப்ப கடினமாக்குறது), எவ்ளோ ஆழத்துக்கு கடினம் ஏறியிருக்குன்னு பாத்தெல்லாம் சொல்ல முடியாது, பல்லு பளபளன்னுதான் இருக்கும். தொறந்து காட்ட மாட்டேன்னா நடையக் கட்டுங்க. பழசு வாங்கினா சேறு உள்ள வராம தடுக்குற ஃப்ளோட்டிங் சீல மட்டும் கண்ண மூடிட்டு புதுசா போட்டுடுங்க, ஸ்ப்ராக்கெட் போல்ட்டும் புதுசு போடுங்க.

கேள்வி (நாகப்பட்டினம் பக்கம்): கியர் ஆயில் அடிக்கடி கொறையுது, தொறந்தா பால் மாதிரி இருக்கு. ஊத்தி ஊத்தி ஓட்டலாமா?

பதில்: கூடாது. பால் நெறம்னா தண்ணி உள்ள போயிடுச்சு. ஃப்ளோட்டிங் சீல்னு ரெண்டு இரும்பு வளையம் முகத்தோட முகம் உரசிக்கிட்டு நிக்கும், அதுக்குப் பின்னாடி ரெண்டு ரப்பர் வளையம், நிக்குற பாகத்துக்கும் சுத்துற பாகத்துக்கும் நடுவுல சேறு உள்ள வராம தடுக்குறது அது ஒண்ணுதான். நம்ம வாய்க்கால்ல ஆகாயத்தாமர, நெய்வேலி காட்டாமணக்கு எல்லாம் வாரும்போது கூடவே அறுந்த நரம்பு வலை, நைலான் கயிறு வரும், அது ஸ்ப்ராக்கெட் பின்னாடி இருக்குற சந்துல சுத்தி சுத்தி உள்ள ஏறி சீல தின்னுடும். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அந்த சந்துல ஒரு கம்பிய விட்டு இழுத்துப் பாக்குற ஆப்பரேட்டர விட்டுடாதீங்க, கூட கொஞ்சம் சம்பளம் கேட்டாலும் குடுத்து வச்சுக்கங்க. சீல் மாத்தும்போது ரெண்டு வளையமும் ஜோடியாத்தான் மாத்தணும், பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு சேராது. ரப்பர் ஈரமில்லாம சுத்தமா இருக்கணும், இரும்பு முகத்துல மட்டும் லேசா எண்ணெய்.

ஆயில் பால் ஆகாம, தண்ணியா இளகி, அளவும் கூடியிருந்தா அது வேற கதை. மோட்டார் ஷாஃப்ட் சீல் போயி ஹைட்ராலிக் ஆயில் கியர் பாக்ஸுக்குள்ள வருது. சீல மாத்துறதோட விடாம கேஸ் டிரெயின் லைன் அடைச்சிருக்கான்னும் பாருங்க, அடைச்சிருந்தா புது சீலும் கொஞ்ச நாள்ல தெறிச்சிடும். பிளக்க வண்டி ஆறினப்பறம் மெல்ல தளத்துங்க, நேருக்கு நேரா மூஞ்ச வச்சுக்கிட்டு தொறக்காதீங்க, உள்ள பிரஷர் இருக்கும். எந்த ஆயில், எத்தன மணி நேர ஓட்டத்துக்கு ஒருக்கான்னா வண்டி புக்குல இருக்குறதுதான் கணக்கு. ஆனா புக்கு எழுதுனவன் இடுப்பளவு சேத்துல நாள் பூரா நிக்குற வண்டிய நெனச்சு எழுதல, தூர்வாரும் சீசன் முடிஞ்சதும் ஒருக்கா மாத்திடுறது நல்லது.

கேள்வி (திருவாரூர்): ஆறு மாச வாரன்ட்டினு சொல்லி ஃபைனல் டிரைவ் குடுத்தாங்க, ரெண்டு மாசத்துல பல்லு ஒடைஞ்சிடுச்சு. கேட்டா நீங்க ஓட்டுன விதம் சரியில்லங்குறாங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போனா தொழிலுக்கு வாங்குனது செல்லாதுன்னு சொல்றாங்களே?

பதில்: பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வியாபார நோக்கத்துக்கு வாங்குறத வெளிய தள்ளுது, ஆனா பொழைப்புக்காக, சுயதொழிலா, தானே பயன்படுத்த வாங்குறவர உள்ளதான் வச்சிருக்கு. 1995-ல லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ், கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்குல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லியிருக்கு: தானே ஓட்டி பொழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்குறவர் நுகர்வோர், ஒத்தாசைக்கு ஒண்ணு ரெண்டு ஆள வச்சுக்கிட்டாலும் நுகர்வோர்தான், முழுக்க அடுத்தவர் ஓட்டுறதுக்குனே வாங்குனா இல்ல. அதனால ஒத்த வண்டி வச்சு நீங்களே ஓட்டுறீங்கன்னா தைரியமா போங்க, அஞ்சாறு வண்டி ஆப்பரேட்டர் வச்சு ஓடுதுன்னா சிவில் கோர்ட்டுதான் வழி.

குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, கடை சென்னையில இருந்தாலும் நீங்க குடியிருக்குற திருவாரூர்லயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சு பாருங்க, சில கடை அதுலயே எறங்கி வந்துடும்.

ஒடைஞ்ச கியர அவங்க கையில குடுத்துடாதீங்க, குடுத்தே ஆகணும்னா போட்டோ எடுத்து எழுதி வாங்கிட்டு குடுங்க. ஆயில்ல ஒரு பாட்டில் புடிச்சு வையுங்க, மாட்டுன அன்னிக்கு மணி மீட்டர் எவ்ளோ, இப்ப எவ்ளோனு குறிச்சு வையுங்க. ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. வெள்ளத் தாள்ல எஸ்டிமேட் மட்டும்தான் இருக்குன்னா பணம் அனுப்புன பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வாட்ஸப்புல வாரன்ட்டி பத்தி அவங்க பேசுனதையும் பிரின்ட் எடுத்துக்கங்க, கேஸ் கொஞ்சம் கஷ்டமாகும், ஆனா முடியாததில்ல.

இன்னொண்ணு, ஒடைஞ்ச வண்டிய வேற வண்டி கட்டி இழுத்துட்டு வந்தீங்களான்னு கண்டிப்பா கேப்பாங்க. மோட்டாருக்குள்ள இருக்குற பிரேக் ஸ்பிரிங்கால பூட்டி இருக்கும், எண்ணெய் பிரஷர் வந்தாத்தான் விடும், என்ஜின் ஓடாத வண்டிய அப்படியே இழுத்தா பிரேக்கும் கியரும் சேந்து நாசமாகும், அப்பறம் குத்தம் யாருதுன்னு நிரூபிக்க முடியாது. கவர தொறந்து சன் கியர உருவிட்டுத்தான் இழுக்கணும். அப்படி உருவித்தான் இழுத்தீங்கன்னா அந்த மெக்கானிக்கோட கூலி ரசீதையும் புகாரோட வச்சுடுங்க.