19,000 ரூபாய்க்காகவா இந்த ஓட்டம்? வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறோம். எனக்கு 31 வயது, சோழிங்கநல்லூரில் வேலை, கையில் வருவது 52,000. கணவருக்கு 90,000. மகளுக்கு ஒன்றே கால் வயது. டே கேர் 16,000, கேப் 6,000, சமையல் அக்காவுக்கு 7,000, முடியாத நாளில் வெளியே வாங்கும் சாப்பாடு 4,000. மிச்சம் 19,000. இதுக்காகவா இத்தனை ஓட்டம், விட்டுவிடு என்கிறார் மாமியார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே "என் சம்பளம்" என்று எழுதி, கீழே டே கேர், கேப், சமையல், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, 19,000-க்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் கணவரின் சம்பளம் எங்குமே இல்லை. குழந்தை இருவருக்கும்தானே, அந்தச் சாப்பாட்டை அவரும்தானே சாப்பிடுகிறார், அப்புறம் செலவு மட்டும் ஏன் உங்கள் சம்பளத்தில் கழிகிறது? என்னிடம் வரும் எத்தனையோ வீடுகளில் இதே கணக்கைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு ஆற மாட்டேன் என்கிறது. வேறு பக்கத்தில் 1,42,000 என்று எழுதி, அதிலிருந்து இந்தச் செலவுகளைக் கழித்துப் பாருங்கள்.

அந்த 19,000-உம் சரியான தொகை இல்லை. உங்கள் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 28,000 என்று இருக்கிறது. பிஎஃப்புக்கு உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், கம்பெனி போடுவது இன்னொரு 12 சதவீதம், ஆக மாதம் 6,720 உங்கள் பெயரில் சேர்கிறது. கையில் வராததால் கணக்கில் விட்டுவிட்டீர்கள். சேர்த்தால் 25,720, வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல். இந்த கம்பெனியில் 4 வருடம் 2 மாதம் ஆகிறது என்கிறீர்கள். 5 வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் பணிக்கொடை, இந்த அடிப்படைச் சம்பளத்துக்கே கிட்டத்தட்ட 80,000 வரும். இன்னும் பத்து மாதம்தான்.

ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸில் உங்கள் அப்பா, அம்மா பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்து, நீங்கள் வேலையை விட்டால் அதுவும் போகும். அந்த வயதில் வெளியே புதிதாக எடுத்தால் பிரீமியம் கடிக்கும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்க வைப்பார்கள்.

டே கேருக்கு இவ்வளவு செலவு இன்னும் இரண்டு வருடம், பாப்பா எல்கேஜி போகும்வரை. உங்களுக்கோ 58 வயதுவரை 27 வருட சம்பளம் இருக்கிறது. நடுவில் விட்டவர்கள் திரும்பி வரும்போது பழைய சம்பளத்துக்கே பேரம் பேச வேண்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

முதலில் ஹெச்ஆரிடம் கேளுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கேட்காமல் யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் பாப்பாவோடு இருக்கத்தான் ஆசை என்றால் தாராளமாக விடுங்கள், அது தப்பே இல்லை. ஆனால் கிராஜுவிட்டி வாங்கிக்கொண்டு விடுங்கள். "உன் இஷ்டம்" என்பதோடு கணவர் நிற்கக் கூடாது. மாதாமாதம் உங்கள் பிபிஎஃப் கணக்கில் (அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம்) அவர் 12,500 போடட்டும், வருடத்துக்கு ஒன்றரை லட்சம், வட்டிக்கு வரி கிடையாது. அதையே உங்கள் பெயரில் எஃப்டியாகப் போட்டால் வட்டியை அவர் வருமானத்தில் சேர்த்து வரி போடுவார்கள். அவர் புதிதாக டேர்ம் இன்சூரன்ஸ் (அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி) எடுத்தால், திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-இன் கீழ் எடுக்கச் சொல்லுங்கள், நாளைக்கு வீட்டுக் கடன்காரர்கள்கூட அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிஎஃப் பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மறுபடி வேலைக்குச் சேரும்போது அதே யுஏஎன் எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) தொடரலாம்.