நிரல் மீளாய்வில் அணுகல்தன்மைச் சோதனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எழுதிய நிரலைப் படித்துப் பிழை சொல்லும் லிண்டரான இஎஸ்லிண்ட்டில் அணுகல்தன்மை விதிகளை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகளை, சேர்த்திருக்கிறோம். அதற்குமேல், உருவான பக்கத்தைச் சோதிக்கும் ஆக்ஸ்-கோரும் வேண்டுமா?

வேண்டும். லிண்டர் நீங்கள் எழுதிய நிரலைப் படிக்கிறதே தவிர, உலாவியில் உருவாகும் பக்கத்தைக் காண்பதில்லை. படத்துக்கென்று நீங்களே செய்துகொண்ட காம்பொனென்ட்டின் (பல இடங்களில் பயன்படுத்தும் பக்கத் துண்டின்) உள்ளே ஆல்ட் (படத்தை விவரிக்கும் மாற்று உரை) போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. எடிட்டரில் லிண்டரும், நிரலை இணைக்கும்போது சோதனைகள் தானாக ஓடும் சிஐயில் ஆக்ஸும் இருக்கட்டும்.

கேள்வி: ஜெஸ்ட் என்னும் சோதனைக் கருவியில் ஆக்ஸ் ஓடுகிறது, எல்லாம் பச்சை. ஆனால் வாடிக்கையாளரின் தணிக்கையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டுப் பிழைகள் ஏராளமாக வந்திருக்கின்றன. எப்படி?

ஜெஸ்ட்டின் அடியில் இருக்கும் ஜேஎஸ்டாம் என்னும் போலி உலாவி எதையும் திரையில் வரைவதில்லை. வரையப்படாத நிறத்தை அளக்க இயலாதாகையால் அந்த விதி அங்கே அணைக்கப்பட்டிருக்கிறது. ஜெஸ்ட்டில் ஆக்ஸை ஓட்டும் நூலகத்தின் ஆவணத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது, படித்திருக்கலாம். உலாவியை நிரலால் இயக்கும் பிளேரைட் போன்ற ஒன்றின் துணையோடு உண்மையான உலாவியில் ஓட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் 777777 என்னும் சாம்பல் நிறம் 4.48 என்ற வேறுபாட்டு விகிதம்தான் பெறும். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும், 4.48ஐ 4.5 என்று முழுமையாக்கிக்கொள்ள விதியில் இடமில்லை, 767676 தேறிவிடும். படத்தின் மீதோ சாய்வு நிறத்தின் மீதோ எழுத்து இருந்தால் ஆக்ஸ் தீர்ப்புச் சொல்லாமல் 'இன்கம்ப்ளீட்' பட்டியலில் போட்டுவிடும். அந்தப் பட்டியலையும் திறந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் தளத்தில் ஆக்ஸ் ஒரு பிழையையும் காட்டுவதில்லை. ஏன்?

எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எப்படி ஓட்டினீர்கள் என்று ஒரு வரியும் இல்லாத கடிதத்துக்கு ஜாதகம் கணித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வழக்கமான காரணம் ஒன்றைச் சொல்கிறேன்: சோதனை லாகின் பக்கத்தோடு நின்றுபோயிருக்கும், அல்லது பக்கம் ஏறி முடியும் முன்பே ஓடியிருக்கும். அந்தக் கணத்தில் திரையில் இருப்பதை மட்டுமே ஆக்ஸ் சோதிக்கிறது. மெனுவையும் உரையாடல் பெட்டியையும் திறந்து வைத்து, ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியே ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் புல் ரிக்வெஸ்ட்டில் (நிரல் மாற்றத்தை இணைக்கக் கோரும் வேண்டுகோளில்) எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன, பக்கத்துக்கு மதிப்பெண் தரும் கருவியான லைட்ஹவுஸில் 100 மதிப்பெண். ஆயினும் மீளாய்வாளர் ஒப்புதல் தர மறுக்கிறார். கருவி ஏற்றுக்கொண்ட பிறகு மனிதர் மறுப்பது முறையா?

முறைதான். இந்த 100 மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களின் கடிதம் மாதந்தோறும் வருகிறது. லைட்ஹவுஸ் ஆக்ஸின் விதிகளில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்து மதிப்பெண் போடுகிறது. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவை அமைப்பு 2017இல் ஏறத்தாழ 140 தடைகளை வேண்டுமென்றே புகுத்திய ஒரு பக்கத்தை உருவாக்கி, பல தானியங்கிக் கருவிகளை அதன்மீது ஓட்டிப் பார்த்தது. மிகச் சிறந்த கருவி கண்டதே சுமார் 40 சதவீதம்தான்.

அதைவிடக் கேடானது, கருவியின் வாயை அடைப்பதற்கென்றே எழுதப்படும் நிரல். நீங்கள் கடிதத்தோடு இணைத்திருக்கும் நிரல் துண்டையே எடுத்துக்கொள்வோம். தனக்கென்று வேலை எதுவும் இல்லாத 'டிவ்' உறுப்பு ஒன்றின்மேல் கிளிக்கை வைத்தீர்கள், லிண்டர் கண்டித்தது. உறுப்பு இன்னதென்று சொல்லும் 'ரோல்' பண்பில் பட்டன் என்று எழுதி, டேப் விசையால் நகரும் வரிசையிலும் சேர்த்தீர்கள். விசைப்பலகை அழுத்தத்தையும் கையாள வேண்டும் என்று அது மீண்டும் கேட்டபோது, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டீர்கள். ஃபங்ஷன் இருக்கிறதா என்று பார்ப்பதோடு லிண்டரின் வேலை முடிந்தது, அது அடங்கிவிட்டது. இப்போது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை 'பட்டன்' என்று அறிவிக்கிறது. பயனர் என்டரை அழுத்துகிறார், ஸ்பேஸை அழுத்துகிறார், எதுவும் நடப்பதில்லை. முன்பு அது பட்டன் என்றே அவருக்குத் தெரியாதிருந்தது. இப்போது தெரிந்தும் பயனில்லை. எச்.டி.எம்.எல்லின் சொந்த பட்டன் உறுப்பைப் போட்டிருந்தால் இந்த மூன்று திருத்தங்களுக்கும் தேவையே எழுந்திராது. ஆல்ட்டில் 'பேனர்-ஃபைனல்-2' என்று கோப்பின் பெயரை ஒட்டி வைப்பதும், விதியை ஒரு கமென்ட்டால் அணைத்துவிட்டு 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. அணைத்த விதி ஒவ்வொன்றுக்கும் மீளாய்வாளர் காரணம் கேட்க வேண்டும், காரணம் இல்லையென்றால் இணைக்கக் கூடாது. கருவி பேசாதிருப்பதைப் பிழையின்மை என்று கொள்ளாதீர்கள். மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் ஒரு முறை பக்கம் முழுவதும் நகர்ந்து பாருங்கள்.

கேள்வி: பழைய திட்டத்தில் ஆக்ஸைச் சேர்த்ததும் சுமார் 1,800 பிழைகள் வந்து, நிரலிலிருந்து தளத்தை உருவாக்கும் பில்ட் நின்றுவிட்டது. கருவியை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். இருக்கும் பிழைகளை ஒரு கோப்பில் பதிந்துவைத்து, புதிதாகச் சேரும் பிழைக்கு மட்டும் பில்டை நிறுத்துங்கள். எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம்: எல்லாப் பக்கங்களிலும் வரும் தலைப்பகுதியில் உள்ள ஒரு குறை, பக்கத்துக்கு ஒன்றாகப் பெருகியிருக்கும். பொதுக் காம்பொனென்ட்டுகளைத் திருத்தினால் பெரும்பகுதி தானே விழும்.

கேள்வி: தளத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அணுகல்தன்மையைத் தானே சரிசெய்வதாகச் சொல்லும் ஓவர்லே விட்ஜெட் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் இந்தச் சோதனைகள் தேவைப்படாதல்லவா?

தேவைப்படும். எந்தத் தளத்தையும் விதிகளுக்கு உட்படுத்திவிடும் என்று சொல்லி அத்தகைய விட்ஜெட்டை விற்ற நிறுவனம் ஒன்று 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டுமென அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025இல் உத்தரவிட்டது.

கேள்வி: எங்கள் தமிழ்த் தளத்தைத் திரைவாசிப்பான் தாறுமாறாக வாசிப்பதாகப் பயனர்கள் சொல்கிறார்கள். சிஐயில் எந்தப் பிழையும் இல்லை.

பக்கத்தின் மூலத்தைத் திறந்து முதல் வரிகளைப் பாருங்கள். பக்கத்தின் மொழியைச் சொல்லும் 'லேங்' பண்பில் ஆங்கிலம் என்று இருக்கும் என நினைக்கிறேன். ரியாக்ட் திட்டங்களைத் தொடங்கித்தரும் வார்ப்புருக்கள் அப்படித்தான் வருகின்றன, யாரும் மாற்றுவதில்லை. பண்பு இருக்கிறதா, அதன் மதிப்பு செல்லுபடியாகும் மொழிக்குறியீடா என்பதைத்தான் ஆக்ஸ் பார்க்கிறது. பக்கத்தில் உள்ளது தமிழா என்று பார்ப்பதில்லை. அணுகல்தன்மைக்கான உலகளாவிய நெறிமுறையான டபிள்யூசிஏஜியில், பக்கத்தின் மொழியைக் குறிக்கச் சொல்லும் 3.1.1 ஏ நிலை விதி, அதாவது அடிப்படை. இடையில் வரும் ஆங்கிலப் பத்திகளுக்கு 3.1.2இன்படி தனியே குறியிடுங்கள். தமிழ் எழுத்து மிகுந்த பக்கத்தில் 'லேங்' வேறாக இருந்தால் தோல்வி காட்டும் சோதனையை நீங்களே பத்து வரியில் எழுதிவிடலாம். கருவி பேசவில்லை என்பதற்காக நிம்மதி கொள்ளாதீர்கள் என்று மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

கேள்வி: டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் 24 பிக்சல் தொடு பரப்பை ஆக்ஸ் சோதிக்குமா?

சோதிக்கும், ஆனால் அந்த விதி இயல்பாக அணைந்தே வருகிறது. அமைப்பில் நீங்களே இயக்க வேண்டும். சுற்றிலும் போதிய இடைவெளி இருந்தால் 24க்குக் குறைந்த பட்டனையும் விதி ஏற்கும் என்பதால், அது பிழை சொல்லாத சிறு பட்டன்களைக் கண்டு வியந்து எனக்கு எழுத வேண்டாம்.