ஒற்றைத் தலைவலிக்குக் காரணம் இரத்தக்குழாய் விரிவதா, மூளையா?

ஒற்றைத் தலைவலி இரத்தக்குழாய் விரிவதால்தான் வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாக இந்த வலியோடு யாங்கோனில் வாழ்பவள் நான். எங்கள் அம்மாவுக்குக் காரணம் ஒன்றுதான்: "பித்தம் தலைக்கேறிடுச்சு, லபெத்தோ தின்னாதேன்னா கேட்டியா?" ஊறிய தேயிலையில் பூண்டும் வேர்க்கடலையும் போட்டுப் பிசைகிற பர்மியப் பண்டம் அது. தின்ற மறுநாள் எனக்குத் தலை தெறிக்கும் என்பதும் உண்மை.

குழாய்க் கதை வலுப்பெற்றது 1938-ல். இரத்தக்குழாயைச் சுருக்கும் எர்கோடமின் மருந்து கொடுத்தால் நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பும் அடங்குகிறது, வலியும் குறைகிறது என்று அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் ஹரோல்ட் உல்ஃப் காட்டினார். பொட்டு விண் விண்ணென்று தெறிக்கும்போது நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பிற்பாடு டென்மார்க்கில் இரத்தக்குழாயை விரிக்கும் வி.ஐ.பி. என்ற பொருளை நோயாளிகளுக்குச் சிறிது நேரம் ஏற்றிப் பார்த்தார்கள். குழாய்கள் நன்றாக விரிந்தன, ஒற்றைத் தலைவலி கிளம்பவில்லை (2021-ல் வெளியான ஆய்வில் இரண்டு மணி நேரம் ஏற்றியபோது பலருக்குக் கிளம்பியது). அதனால் குழாய் மட்டும் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடு மின்னும். அது மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. ஊர்ந்து போகும் ஓர் அலை. 1944-ல் முயல் மூளையில் இந்த அலையைக் கண்டு எழுதியவர் பிரேசில்காரர் லியாவ். வலிக்கு இன்று அதிக ஆதாரம் உள்ள விளக்கம் வேறு: முகத்துக்கும் மூளை உறைக்கும் போகும் முக்கிளை நரம்பு வலியைக் கிளப்பும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தை வெளிவிடுகிறது. அதைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2018-ல் வந்து பலருக்கு வலி வரும் நாட்களைக் குறைத்திருப்பதே பெரிய சான்று.

என்னை உலுக்கியது இன்னொன்று. 2016-ல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள், ஒரே நோயாளியின் மூளையைத் தொடர்ந்து 30 நாள் தினமும் ஸ்கேன் எடுத்து வெளியிட்டார்கள். வலி வருவதற்கு முந்தின நாளே ஹைப்போதலாமஸின் செயல்பாடு மாறியிருந்தது. பசி, தூக்கம், ஆசை எல்லாவற்றையும் ஆட்டிவைப்பதில் மூளையின் அடியில் உள்ள இந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போதுதான் புரிந்தது: தலைவலிக்கு முந்தின நாள் எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வரும், புளிப்பும் காரமும் தேடும், லபெத்தோ கடைக்குக் கால் தானே போகும். தின்றதால் வலி வந்ததா, வலி தொடங்கிவிட்டதால் தின்னத் தோன்றியதா? தேயிலையில் சிலருக்குத் தலைவலியைத் தூண்டும் காஃபின் இருப்பதால், லபெத்தோவைப் பழியிலிருந்து முழுக்க விடுவிக்கவும் முடியவில்லை.

ஆனால் இப்போது கொட்டாவியும் அந்த ஆசையும் சேர்ந்து வந்தால் மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். வலி லேசாகத் தொடங்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கிறது.