வீவ் கம்பங்கள் பழக்குவது எப்படி? கேள்வி பதில்

அண்ணா, எங்கள் லேப்ரடாருக்கு 7 மாதம். அஜிலிட்டிக்கு (நாய் பலவகைத் தடைகளைக் கடந்து ஓடும் போட்டி) தயார் செய்கிறோம். வீவ், அதாவது வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவதை, இப்போதே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பெரிய இன நாய்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதுவரை முதுகையும் தோளையும் திரும்பத் திரும்ப வளைக்கிற வேலை கூடாது. எஃப்சிஐ என்ற சர்வதேச நாய் அமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாயை இறக்கவே முடியாது. அப்புறம் என்ன அவசரம்? எறிந்த பொம்மையை முழு வேகத்தில் துரத்தவும், உங்களைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஓடவும் இப்போது பழக்குங்கள். நாளைக்கு வீவில் கைகொடுக்கப் போவது இந்த இரண்டும்தான்.

வீட்டுத் தோட்டத்தில் நட என்ன அளவு?

எஃப்சிஐ அளவு: 12 கம்பங்கள், நடுவே 60 செ.மீ. இடைவெளி, உயரம் 1 முதல் 1.2 மீட்டர், விட்டம் 3 முதல் 5 செ.மீ. 32 மி.மீ. பிவிசி பைப் போதும். மண்ணில் முறுக்குக் கம்பித் துண்டுகளை அடித்து, மேலே பைப்பைச் செருகுங்கள். நாயின் தோள் பட்டால் பைப் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். பயிற்சி முடிந்து பைப்பைக் கழற்றினால் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். அது நீட்டிக்கொண்டு நின்றால் ஓடிவரும் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். இடைவெளியைக் கண்மதிப்பில் வைக்காமல் டேப் பிடித்து அளந்து வையுங்கள். டைல்ஸ் போட்ட மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

பிஸ்கட்டை மூக்குக்கு முன்னால் பிடித்து ஒவ்வொரு கம்பமாகக் கூட்டிப் போகிறேன். கையை எடுத்தால் அங்கேயே நின்றுவிடுகிறான்.

அவன் வீவ் கற்கவில்லை, உங்கள் கைக்குப் பின்னால் போகக் கற்றிருக்கிறான். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கையை விட்டுவிட்டு, இரண்டே இரண்டு கம்பங்களில் இருந்து தொடங்குங்கள். கனடாவைச் சேர்ந்த சூசன் காரெட் பிரபலமாக்கிய டூ-பை-டூ முறை இதுதான்.

முதலில் இரண்டு கம்பங்களையும் நாய்க்கு எதிரே வாசல்போல வையுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமல், கை காட்டாமல் நில்லுங்கள். அவன் தானாக நடுவே புகுந்த அந்த நொடியில் பொம்மையை அவன் போகிற திசையிலேயே, அவனுக்கு முன்னால் எறியுங்கள். உங்களிடம் வந்து வாங்கிக்கொள்ளும்படி கொடுத்தால் அடுத்த முறை உங்கள் பக்கமே வளைவான். புரிந்ததும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து அனுப்புங்கள்: நேராக, பக்கவாட்டில், நன்றாகச் சாய்ந்த கோணத்தில். கூடவே கம்பங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கிருந்து வந்தாலும் முதல் கம்பம் அவனுடைய இடது தோள் பக்கம் இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. தப்பாகப் புகுந்தால் திட்டாதீர்கள், பரிசும் கிடையாது, திரும்பக் கூப்பிட்டு அனுப்புங்கள். இரண்டு முறை தொடர்ந்து தப்பாகப் புகுந்தால் கொடுத்த வேலை கஷ்டமாகிவிட்டது என்று அர்த்தம், கோணத்தை எளிதாக்குங்கள். புரிந்துகொண்ட நாயைப் பார்த்தாலே தெரியும். வேகமாக வந்து, முதல் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்பே எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளி, தலையைத் தாழ்த்தித் திரும்பும்.

பிறகு சில மீட்டர் தள்ளி இரண்டாவது ஜோடியை வைத்து மெல்ல நெருக்குங்கள். நான்கு, ஆறு, கடைசியில் பன்னிரண்டு.

சேனல் முறை எளிது என்கிறார்களே?

இரண்டு வரிசைக்கு நடுவே நேராக ஓடவிட்டு, நாளாக ஆக வரிசைகளை நெருக்குவது. வேகம் சீக்கிரம் வரும், நாயும் குஷியாக ஓடும். ஆனால் கோணத்தில் நுழைவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும். போட்டியில் வீவ் நேர் எதிரே வருவது அபூர்வம், அதனால் என் ஓட்டு டூ-பை-டூவுக்கே.

வீட்டில் பன்னிரண்டையும் முடிக்கிறாள். போட்டியில் மட்டும் 10வது கம்பத்தில் வெளியே வந்துவிடுகிறாள்.

யாரையாவது பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லி, நாயை விட்டுவிட்டு உங்கள் தோளைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நீங்கள் அடுத்த தடைக்குத் திரும்பியிருப்பீர்கள். வீட்டிலும் அதையே செய்து பழக்குங்கள்: அவள் உள்ளே இருக்கும்போது நீங்கள் விலகி ஓடுங்கள், நில்லுங்கள், முந்திப் போங்கள். கடைசிக் கம்பத்தைத் தாண்டினால் மட்டும் பொம்மை. கம்பத்தை விட்டால் 5 தவறுப் புள்ளி, அதைச் சரிசெய்யாமல் அடுத்த தடைக்குப் போனால் போட்டியிலிருந்தே வெளியே. தப்பாக நுழைவது ‘மறுப்பு’ கணக்கில் சேரும், மூன்று மறுப்பு ஆனால் ஆட்டம் முடிந்தது.

ஒழுங்காகச் செய்துவந்த நாய் திடீரென்று வீட்டிலும் கம்பத்தை விட ஆரம்பித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தோள் வலி காரணமாக இருக்கலாம்.

என் நாய் இரண்டு முன்னங்காலையும் சேர்த்துக் குதிக்கிறது. பக்கத்து வீட்டு பார்டர் கோலி ஒவ்வொரு காலாக வைக்கிறது. மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சின்ன நாய்கள் பெரும்பாலும் குதிக்கும், பெரியவை கால் மாற்றும். உடல்வாகுக்குத் தகுந்ததை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

டாக்ஸ்ஹண்ட் நாய்க்கு வீவ் பழக்கலாமா?

நீளமான முதுகு, தண்டுவட வட்டு நழுவும் அபாயம் அதிகமுள்ள இனம். டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொல்லாமல் தொடாதீர்கள். சொன்னாலும் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.