பென் டிரைவ் மட்டும் போதுமா?

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறேன். லேப்டாப் சுமந்து முதுகு வலிதான் மிச்சம். பென் டிரைவிலேயே மென்பொருளை வைத்துக்கொண்டு, போகிற இடத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கலாமாமே?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம், அங்கே இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால். போர்ட்டபிள்ஆப்ஸ் டாட் காம் தளத்தில் பயர்பாக்ஸ் பிரவுசர், கடிதம், கணக்கு எல்லாம் தயாரிக்கிற லிப்ரே ஆபீஸ், வீடியோ பார்க்கிற விஎல்சி எல்லாம் இன்ஸ்டால் செய்யாமலே ஓடுகிற வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் புக்மார்க்கும் செட்டிங்கும் டிரைவிலேயே தங்கிவிடும். 32 ஜிபி போதும், ஆனால் யூஎஸ்பி 3.0 ஆகப் பார்த்து வாங்குங்கள், பழைய 2.0 டிரைவில் லிப்ரே ஆபீஸ் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

எனக்குக் கவலை தருவது பாதுகாப்புதான். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் கீலாகர் இருந்தால், போர்ட்டபிள் பிரவுசர் உங்களைக் காப்பாற்றாது. பேங்க் கணக்கை அங்கே திறக்கவே திறக்காதீர்கள், அதற்கு உங்கள் போன் இருக்கிறது. அப்புறம், டிரைவ் பஸ்ஸில் தொலைந்தால்? டிரைவைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிற வெராகிரிப்ட் மென்பொருளைப் போடலாம் என்பார்கள், அதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் அட்மின் (நிர்வாகி) அனுமதி வேண்டும், இரவல் கம்ப்யூட்டரில் அது கிடைக்காது. அதைவிட, லிப்ரே ஆபீஸில் ஃபைலைச் சேமிக்கும்போதே 'பாஸ்வேர்டுடன் சேமி' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுங்கள்.

கிளம்பும்போது எல்லாவற்றையும் மூடி, 'எஜெக்ட்' கொடுத்த பிறகே டிரைவை உருவுங்கள். வீட்டில் ஒரு நகல் கட்டாயம் இருக்கட்டும்.