தாத்தா காலத்தில் இது இருந்ததா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று என்னிடமும் என் மனைவியிடமும் சொல்லிவிட்டான். அழுது, பேசி, ஒருவழியாக நாங்கள் அவனோடு நிற்கிறோம். அண்ணனுக்கு இது தெரியாது. டிவியில் இந்தப் பேச்சு வந்தாலே, “தாத்தா காலத்தில் இதெல்லாம் உண்டா? இப்போது வந்த மேல்நாட்டு மோகம்” என்பார். மகனோ, “அந்தக் காலத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்” என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணன் சொல்வது நிற்காது. மகன் சொல்வதும் பாதிதான் சரி.

சீனாவின் ஹான் வம்சத்துப் பேரரசர் ஆய் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். ஒரு நாள் அவருடைய அங்கியின் கைப்பகுதி மேல் தலைவைத்துத் தூங்கிப்போனார் அவருடைய காதலர் தோங் சியான். எழுப்ப மனமில்லாமல், துணியை அறுத்துவிட்டு எழுந்தாராம் பேரரசர். அந்த வம்சத்தின் வரலாற்று நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் காதலன் ஆன்டினூஸ் கி.பி. 130இல் நைல் நதியில் மூழ்கி இறந்தபோது, அந்த இளைஞன் பெயரில் ஒரு நகரத்தையே எழுப்பினார் ஹேட்ரியன். கோயில் கட்டிக் கும்பிட்டார்கள்.

ஆனால் இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ரோமில் ஒரு குடிமகன் தன் அடிமையோடு உறவு வைத்துக்கொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த அடிமைக்கு விருப்பம் உண்டா என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். கிரேக்க நகரங்களில் வயதில் மூத்தவர் ஒரு பையனோடு பழகுவது வழக்கம். வளர்ந்த இரண்டு ஆண்கள் சரிசமமாகச் சேர்ந்து வாழ நினைத்தால் கேலிதான் மிஞ்சும். அந்தஸ்தில் யார் மேலே, யார் கீழே என்பதுதான் அவர்கள் பார்த்தது. உங்கள் மகன் விரும்பும் வாழ்க்கைக்கு அங்கேயும் இடம் இருந்திருக்காது. பெண்களைப் பற்றியோ பேச்சே குறைவு. எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

அப்புறம் இது பாவமானது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர், பஞ்சமும் பூகம்பமும் வருவதே இவர்களால்தான் என்று சட்டத்திலேயே எழுதினார். பாவம் மெல்ல மெல்ல அரசாங்கக் குற்றமாகவும் ஆனது. இங்கிலாந்தில் 1533இல் மரண தண்டனைச் சட்டம் வந்தது. கடைசியாக 1835இல் இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். பிரான்ஸ் 1791இலேயே இந்தக் குற்றத்தைத் தன் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனோ 1860இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாக எழுதி, அதே மாதிரியைத் தன் மற்ற காலனிகளுக்கும் கொண்டுபோனது. மேல்நாட்டிலிருந்து வந்தது எது என்று அண்ணன் தேடினால், கையில் கிடைப்பது இந்தச் சட்டம்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல்தான், வயதுவந்தவர்கள் விரும்பிச் சேரும் உறவு அதன்படி குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னது.

காலம் போகப் போக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1897இலேயே, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். 1919இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிலையம் திறந்தார்; ஆலோசனை கேட்டு வந்தவர்கள் ஏராளம். 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் உள்ளே புகுந்து சூறையாடினார்கள். சில நாளில் அந்த நூலகத்துப் புத்தகங்கள் தெருவில் எரிந்தன. வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட், அதைப் பாரிஸில் ஒரு தியேட்டரில் செய்திப் படமாகப் பார்த்தார். ஊர் திரும்பவே இல்லை. பிடிபட்ட ஆயிரக்கணக்கான ஆண்களை வதைமுகாம்களுக்கு அனுப்பி, அடையாளமாக உடையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்தார்கள். கொடுமை என்னவென்றால், போர் முடிந்த பிறகும் நாஜிகள் கடுமையாக்கிய அதே சட்டத்தை மேற்கு ஜெர்மனி 1969 வரை வைத்திருந்தது. முற்றிலும் நீங்கியது 1994இல்!

நடுவில் இது நோயாகவும் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இல். திருமண உரிமையை முதலில் தந்த நாடு நெதர்லாந்து, 2001இல். ஆசியாவில் தைவான், 2019இல். இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, அதை நாடாளுமன்றத்திடம் விட்டது. அதே ஆண்டு உகாண்டா சில வகை உறவுகளுக்கு மரண தண்டனை வரை கொண்டுவந்தது.

உங்கள் அண்ணன் பள்ளியில் படித்த காலத்தில், உலக சுகாதார நிறுவனமே இதை நோய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்ததும் அதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டை குறையும். ஹேட்ரியன் கதையைச் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள்; தோற்ற எரிச்சலில் பேச்சையே நிறுத்திவிடுவார். 1990க்கு முன் மருத்துவர்கள் என்ன சொன்னார்கள், பிறகு ஏன் மாற்றிக்கொண்டார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

சரி, ஒன்று மட்டும் கவனம். வாதத்தில் சூடேறி, “என் மகனே அப்படித்தான்” என்று நீங்கள் போட்டு உடைத்துவிடக் கூடாது. பெரியப்பாவிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யட்டும். இந்தப் பக்கத்தை அண்ணனிடம் நீட்டுவதற்கு முன்னாலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.